அபூர்வ விலங்குகளைக் காண அயல்நாடு செல்வோர்க்கு

அயல்நாட்டுப் பிரயாணம் என்றவுடன் நம்மவர் மனக்கண் முன் தோன்றுவன கோபுரங்களும், அரச மாளிகைகளும், அங்காடி வீதிகளுமே. அவை கல்லாலும் சுண்ணத்தாலும் ஆனவை. இவ்வாண்டு காணத் தவறினால், பத்தாண்டு கழித்துச் சென்றாலும் அவ்விடத்திலேயே நிற்கும். உயிருள்ள காட்சிகளின் நிலை அவ்வாறன்று. அழியும் தறுவாயில் நிற்கும் ஒரு விலங்கைக் காணும் வாய்ப்பு ஒருமுறை தவறினால், மறுமுறை கிட்டும் என்பதற்கு எவ்வித உறுதியுமில்லை.

ஐரோப்பாவில் உறவினர் உள்ள குடும்பங்கள் இன்று நம்மிடையே மிகப் பல. பிள்ளைகளின் விடுமுறைக் காலத்தில் அங்கு செல்வோர், இரண்டு வாரங்களை அபூர்வ விலங்குகளுக்கென ஒதுக்குவராயின், ஒரு முழு ஆண்டின் பாடத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவராவர். அத்தகையோர்க்கு உதவும்பொருட்டு ஒரு வழித்திட்டத்தை இங்கே வகுத்துத் தருகின்றோம். செல்லும் வசதியில்லாதோர் தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு உடன் வரலாம். அதற்குக் கடவுச்சீட்டுத் தேவையில்லை.

முதலில் விலங்கு, பின்னரே நகரம்

பலர் முதலில் நகரத்தைத் தெரிந்துகொண்டு, அங்குள்ள மிருகக்காட்சிச்சாலையை மாலைப்பொழுதில் ஒருமுறை சுற்றி வருவர். சிங்கமும், யானையும், வரிக்குதிரையும் எங்கும் உள்ளனவாதலால் அவற்றையே கண்டு மீள்வர். அபூர்வ விலங்குகளை நாடுவோர் இம்முறையைத் தலைகீழாக மாற்றுதல் வேண்டும். எவ்விலங்கைக் காண விரும்புகின்றோம் என்று வீட்டிலிருந்தே முடிவுசெய்து, அது வாழும் நகரங்களை ஒரு நூலிற் கோத்தாற்போல் இணைப்பதே முறையாகும். ஐரோப்பாவின் மிருகக்காட்சிச்சாலைகளில் எவ்வெவ் விலங்குகள் வளர்க்கப்படுகின்றன என்பதைத் தொகுத்துரைக்கும் ‘சூடியர்லிஸ்டே’ என்னும் ஜேர்மானியப் பட்டியல் இணையத்தில் உண்டு. அதனைப் பார்த்தபின், உரிய சாலைக்கே ஒரு கடிதமோ மின்னஞ்சலோ எழுதிக் கேட்டு உறுதிசெய்துகொள்வது நன்று.

ஒவ்வொரு விலங்கைப் பற்றியும் மூன்று வினாக்களைப் பிள்ளைகள் தம் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளட்டும். இதன் சொந்த நிலம் யாது? அங்கே இதற்கு நேர்ந்தது என்ன? இங்கே இது எவ்வாறு வந்து சேர்ந்தது? இவ்வினாக்களுக்கு விடை தேடாது செல்வோர்க்கு, கம்பிக்கு அப்பால் நிற்பது வெறும் பழுப்பு நிறக் குதிரையாகவே தோன்றும்.

இவ்வினாக்களின் முக்கியத்துவத்தை உணர்த்த இரு செய்திகள் போதும். ஒரு காலத்தில் வட அமெரிக்க வானத்தை மறைத்துப் பறந்த பயணிப் புறாக்களுள் கடைசிப் பறவையாகிய மார்த்தா, 1914ஆம் ஆண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி சின்சினாற்றி நகர மிருகக்காட்சிச்சாலையில் இறந்தது. தஸ்மேனியத் தீவின் வரியுடல் கொண்ட பைவிலங்காகிய தைலசின், 1936ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆம் திகதி ஹோபார்ட் நகரச் சாலையில் மாண்டது. அவ்வினத்திற்குச் சட்டப் பாதுகாப்பு வழங்கப்பட்டு அப்பொழுது 59 நாள்களே ஆகியிருந்தன. அதற்குப் பின்னர் அவ்வினத்தில் ஒன்றேனும் உயிருடன் அறியப்படவில்லை. அவ்விரு கூடுகளின் முன்னும் மக்கள் நின்று வேடிக்கை பார்த்துச் சென்றிருப்பர். தாம் காண்பது ஓர் இனத்தின் முடிவு என்பதை அவர்களுள் எத்தனைபேர் உணர்ந்திருப்பர்!

தெகிவளையும் ஹம்பேர்க்கும்

கூண்டில் விலங்கை அடைப்பது தகுமா என்று கேட்கும் பிள்ளையை அதட்டி அடக்குதல் கூடாது. அக்கேள்வி நியாயமானதே. அதற்குரிய விடையின் ஒரு பகுதி நம் நாட்டு வரலாற்றிலேயே அமைந்துள்ளது.

நாம் அனைவரும் அறிந்த தெகிவளை மிருகக்காட்சிச்சாலையைத் தோற்றுவித்தவர் ஜோன் ஹாகன்பெக் என்னும் ஜேர்மானியர். இலங்கையில் வாழ்ந்து, இங்கிருந்து விலங்குகளைப் பிறநாடுகளுக்கு அனுப்பிய வணிகர் அவர். அவருடைய கம்பனி முறிந்தபின், 1936ஆம் ஆண்டில் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. அவருடைய மாற்றாந்தாய்ச் சகோதரரான கார்ல் ஹாகன்பெக், 1907ஆம் ஆண்டில் ஹம்பேர்க் நகரின் அருகே கம்பிகளுக்குப் பதிலாக அகழிகளை அமைத்து, விலங்குகளை வெளியில் உலாவவிட்ட முதல்வர் எனப் புகழ்பெற்றவர். ஆயினும், அதே குடும்பம் 1880களில் இலங்கை மக்களையும் யானைகளுடன் கொண்டுசென்று ஐரோப்பிய நகரங்களிற் காட்சிப்பொருளாக்கியது என்பதையும் மறைத்தற்கில்லை.

பழைய சாலைகள் பிடித்துக் காட்டுவதற்காக எழுந்தவை. அவற்றுட் சில, காலப்போக்கில் இனங்களைக் காத்துப் பெருக்கி, மீண்டும் தாய்நிலத்திற்கு அனுப்பும் இடங்களாக மாறின. மாறாதனவும் உண்டு. எது எவ்வகையினது என்று பகுத்தறிவதே இப்பிரயாணத்தின் பயன். நாம் தெரிந்தெடுத்த ஆறு இடங்களும் அந்நோக்கிற் கொண்டவையே. பெல்ஜியத்தில் இறங்கி, ஜேர்மனி, செக் குடியரசு ஆகியவற்றைக் கடந்து, ஒஸ்திரியாவிலிருந்து திரும்புமாறு விமானச்சீட்டைப் பெற்றுக்கொண்டால், வந்த வழியே மீளும் செலவும் களைப்பும் இல்லை.

அன்ட்வேர்ப்: காட்டின் நாணமுள்ள விருந்தாளி

பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப் நகரில், மத்திய புகையிரத நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் மிருகக்காட்சிச்சாலையின் வாயிலைக் காணலாம். 1843ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இச்சாலையிற் காணவேண்டியது ஒகாப்பி. பின்னங்கால்களில் வரிக்குதிரையின் கோடுகள். உடலோ கருஞ்சிவப்புப் பட்டுப்போன்றது. உறவு முறையிலோ ஒட்டகச்சிவிங்கியின் இனம். தன் கண்ணையும் காதையும் தானே நக்கித் துடைக்கும் அளவுக்கு நீண்ட நாவுடையது. இத்துணைப் பெரிய விலங்கு, 1901ஆம் ஆண்டிலேதான் விஞ்ஞான உலகிற்கு அறிமுகமாயிற்று. கொங்கோக் காட்டில் வாழ்ந்த மக்கள் அதனை நெடுங்காலமாக அறிந்திருந்தனர் என்பது வேறு கதை.

ஐரோப்பாவுக்கு வந்த முதல் ஒகாப்பி 1919இல் வந்து சேர்ந்தது அன்ட்வேர்ப்புக்கே. அது சில வாரங்களே உயிர் வாழ்ந்தது. அன்று தொடங்கிய அனுபவத்தின் பயனாக, இன்று உலக மிருகக்காட்சிச்சாலைகளில் உள்ள ஒகாப்பிகளின் வமிசப் பதிவேடு இந்நகரிலேயே பேணப்படுகின்றது. எந்த ஆணை எந்தப் பெண்ணுடன் சேர்ப்பது, எக்குட்டியை எங்கு அனுப்புவது என்பன அப்பதிவேட்டைக் கொண்டு தீர்மானிக்கப்படுகின்றன.

கொங்கோ ஜனநாயகக் குடியரசைத் தவிர வேறு எந்நாட்டிலும் ஒகாப்பி இயற்கையாக வாழ்வதில்லை. 2012ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அந்நாட்டின் எபூலு பாதுகாப்பு நிலையத்தை ஆயுதக் கும்பலொன்று தாக்கி, காவலர் உட்படப் பலரையும், அங்கே வளர்ந்த 14 ஒகாப்பிகளையும் கொன்றது. இதனை அறிந்தபின் அன்ட்வேர்ப் ஒகாப்பியின் முன் நிற்கும் பிள்ளை, அதனை வேறு கண்ணால் நோக்கும்.

பேர்லின்: ஒரு நகரில் இரு சாலைகள்

அடுத்து ஜேர்மனியின் தலைநகர். இங்கே இரு பெரிய மிருகக்காட்சிச்சாலைகள் இருப்பது வியப்பூட்டும். மூத்தது 1844ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இரண்டாம் உலக யுத்தத்தின் குண்டுமழையில் அங்கிருந்த 3,715 விலங்குகளுள் உயிர் தப்பியவை 91 மட்டுமே. யுத்தத்தின் பின் நகரம் பிரிவுண்டபோது இச்சாலை மேற்குப் பகுதியில் அமைந்துவிட்டது. எனவே கிழக்குப் பகுதியினர், ஒரு பழைய மாளிகையின் பூங்காவில், பொதுமக்களின் உடலுழைப்பும் துணைநிற்க, 1955ஆம் ஆண்டில் ‘டியர்பார்க்’ என்னும் மற்றொன்றைத் திறந்தனர். அதன் பரப்பு ஏறத்தாழ 160 ஹெக்டேயர். ஒரே நாளில் இரண்டையும் பார்க்க முயல்வது கால்களுக்குச் செய்யும் கொடுமை. ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு நாள் வேண்டும்.

மூத்த சாலையின் பாண்டாக் கரடிகள் 2017ஆம் ஆண்டில் சீனாவிலிருந்து கடனாக வந்தவை. கடன் என்னும் சொல்லைப் பிரயாணிகள் கவனித்தல் வேண்டும். 2019இல் இங்கே பிறந்த இரட்டைக் குட்டிகள் 2023ஆம் ஆண்டு டிசெம்பரில் சீனாவுக்குச் சென்றுவிட்டன. 2024இல் மீண்டும் இரட்டையர் பிறந்தனர். பாண்டாக்கள் உடன்படிக்கையின்படி வருவனவும் செல்வனவும் ஆதலால், விமானச்சீட்டு வாங்குமுன் அவை இருக்கின்றனவா என விசாரித்தல் அவசியம்.

லைப்சிக்: மனிதனின் உறவினர்

பேர்லினிலிருந்து விரைவுப் புகையிரதத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் மணித்தியாலத்தில் லைப்சிக் நகரை அடையலாம். 1878ஆம் ஆண்டில் ஓர் உணவுவிடுதிக்காரர் தொடங்கிய சாலை இது. 2001ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ‘பொங்கோலாந்து’ என்னும் பகுதியில் கொரில்லா, சிம்பன்சி, பொனொபோ, ஒராங்குட்டான் ஆகிய பெருங்குரங்குகளை அடுத்தடுத்துக் கண்டு ஒப்பிடலாம். இவற்றின் அறிவாற்றலை ஆராயும் விஞ்ஞான நிலையமும் அவ்விடத்திலேயே இயங்குகின்றது. சிம்பன்சிக்கும் பொனொபோவுக்கும் உள்ள வேறுபாட்டைப் புத்தகத்திற் படித்துக் குழம்பும் மாணவர், அரைநாள் அங்கே அமர்ந்திருந்தால் தெளிவு பெறுவர். 2011இல் திறக்கப்பட்ட ‘கொண்ட்வானாலாந்து’ என்னும் கூரையிட்ட வனம் 16,500 சதுர மீற்றர் பரப்புள்ளது. நம் நாட்டு வெப்பத்தை நாடி ஏங்குவோர் அதனுட் புகுந்து குளிர்காயலாம்!

பிராக்: வீடு திரும்பிய குதிரை

இவ்வழித்திட்டத்தின் நடுநாயகம் செக் குடியரசின் தலைநகராகிய பிராக். 1931ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இந்நகரச் சாலையில், குட்டையான நிமிர்ந்த பிடரிமயிரும் மஞ்சள் கலந்த பழுப்பு நிறமும் கொண்ட ஒரு சிறு குதிரையைக் காணலாம். ருஷ்ய யாத்திரிகர் ஒருவரின் பெயரால் உலகம் இதனைப் பிரசெவால்ஸ்கிக் குதிரை என்னும். மங்கோலியர் ‘தாக்கி’ என்பர். வீட்டுக் குதிரைக்கு 64 நிறமூர்த்தங்கள், இதற்கோ 66.

மங்கோலிய வெளியில் இக்குதிரை கடைசியாகக் காணப்பட்டது 1969ஆம் ஆண்டிலே. அதன்பின் பல்லாண்டுகள் இவ்வினம் மிருகக்காட்சிச்சாலைகளைத் தவிர வேறெங்கும் இல்லை. முன்னர் பிடிக்கப்பட்டவற்றுள் சந்ததி தந்தவை ஏறத்தாழ ஒரு டசின் மட்டுமே. அவற்றின் வழித்தோன்றல்களை, நெருங்கிய உறவினுள் இனம் கலந்து நலிவுறாதபடி, பிராக் நகரத்தார் 1959ஆம் ஆண்டு முதல் சர்வதேசப் பதிவேடொன்றில் எழுதிக் காத்தனர். 1992ஆம் ஆண்டில் மங்கோலியாவில் குதிரைகள் மீண்டும் விடப்பட்டன. 2011ஆம் ஆண்டு முதல் செக் இராணுவ விமானங்களிலேயே குதிரைகள் அங்கு கொண்டுசெல்லப்பட்டன. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிராக்கும் பேர்லினும் கூடி ஏழு குதிரைகளைக் கசக்ஸ்தான் புல்வெளிக்கு அனுப்பின. கூண்டு தகுமா என்று கேட்ட பிள்ளைக்கு நாம் காட்டக்கூடிய மிகச் சிறந்த விடை இக்குதிரையே.

பிராக்கில் நமக்கு நெருங்கிய மற்றொரு விருந்தாளியும் உண்டு. அது அழுங்கு. நம் நாட்டுக் காடுகளில் இரவிலே எறும்பும் கறையானும் தேடித் திரியும் அழுங்கின் உறவினமாகிய சீன அழுங்குகள் இரண்டு, 2022ஆம் ஆண்டில் தைப்பே நகரிலிருந்து அங்கு வந்தன. 2023ஆம் ஆண்டு பெப்ரவரியில் அவற்றுக்குக் குட்டி பிறந்தது. ஐரோப்பிய மிருகக்காட்சிச்சாலையொன்றில் அழுங்கு பிறந்தது அதுவே முதன்முறை. எறும்புணவுக்குப் பழகிய இவ்விலங்கை வளர்ப்பது மிகக் கடினம். செதிலுக்கும் இறைச்சிக்குமாக வேட்டையாடப்படும் எட்டு வகை அழுங்குகளின் சர்வதேச வாணிபத்தையும் தடைசெய்ய உலக நாடுகள் 2016இல் தீர்மானித்தன. பல்லாயிரம் மைல் கடந்து அழுங்கைக் கண்டு வியக்கும் நாம், நம் வீட்டு வளவின் எல்லையில் அது தென்படும்போது எவ்வாறு நடந்துகொள்கின்றோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

துவூர் கிராலொவே: தாயும் மகளும்

பிராக்கிலிருந்து வீதிவழியாக ஏறக்குறைய இரு மணித்தியாலப் பயணத்தில் துவூர் கிராலொவே என்னும் சிற்றூர் உள்ளது. ஆபிரிக்க விலங்குகளுக்குப் பெயர்பெற்ற இவ்வூர்ச் சாலை, வட வெண் காண்டாமிருகத்தின் வரலாற்றோடு பிணைந்தது. 1975ஆம் ஆண்டில் சூடான் நாட்டிலிருந்து இவ்விலங்குகள் கொண்டுவரப்பட்டன. உலகில் வேறெந்தச் சாலையிலும் ஈனாத இவ்வினம் இங்கே ஈன்றது. எனினும் ஈற்றுக்கள் போதவில்லை. தாய்நிலத்தின் சூழலிலேனும் பெருகக்கூடும் என்னும் நம்பிக்கையில், 2009ஆம் ஆண்டு டிசெம்பரில் அவற்றுள் நான்கு, கென்யாவின் ஓல் பெஜெற்றாப் பாதுகாப்பகத்திற்கு அனுப்பப்பட்டன. ‘சூடான்’ என்னும் பெயர்பெற்ற கடைசி ஆண் 2018ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் திகதி இறந்தது. அதன்பின் எஞ்சியவை அதன் மகள் நாஜினும், பேத்தி பாட்டுவும் மட்டுமே. இருவரும் இச்சிற்றூரிற் பிறந்தவர்கள். அவர்களின் முட்டைக்கருவையும் சேமித்து வைத்த விந்தையும் கொண்டு கருக்களை உருவாக்கி, வேறினத் தாயொன்றின் வயிற்றில் வளர்க்கும் முயற்சியில் விஞ்ஞானிகள் ஈடுபட்டனர்.

ஆகவே, அவ்வினத்தை இங்கே தேடுவோர் வெறுங்கண்ணுடன் திரும்புவர். ஆயினும் இங்கு வளர்ந்த கருங் காண்டாமிருகங்கள், வேறிரு சாலைகளின் விலங்குகளுடன் சேர்ந்து 2019இல் ருவண்டாவின் காட்டுக்குச் சென்றன. ஒன்றில் காலந்தாழ்ந்த முயற்சி, மற்றொன்றில் காலத்தே செய்த உதவி. இரண்டையும் ஒரே இடத்திற் கற்கலாம்.

வியன்னா: மூத்த சாலை

பிராக்கிலிருந்து நான்கு மணித்தியாலப் புகையிரதப் பயணத்தின் முடிவில் வியன்னா. 1752ஆம் ஆண்டில் மாமன்னர் குடும்பம் தன் கோடைகால மாளிகையில் அமைத்த ஷேன்புரூன் சாலை, இன்றும் இயங்கும் உலகின் மிகப் பழைய மிருகக்காட்சிச்சாலையாகும். 1828இல் இங்கு வந்த முதல் ஒட்டகச்சிவிங்கியைக் கண்டு நகரமே பித்துப்பிடித்தது. ஆடையும் அணியும் அதன் சாயலில் அமைந்தனவாம். வங்காள விரிகுடாவின் கழிமுகங்களில் அழியும் நிலையிலுள்ள ஓர் ஆற்றாமை வகையின் குஞ்சுகள், 2010ஆம் ஆண்டில் மனிதர் பராமரிப்பில் முதன்முதலாகப் பொரித்தது இங்கேதான். யானையின் முன் திரளும் கூட்டத்தில் நூற்றிலொருவர்கூட அவ்வாமையின் முன் நிற்பதில்லை. நம் பிள்ளைகள் நிற்கட்டும்.

புறப்படுமுன்

இந்நான்கு நாடுகளும் செங்கன் உடன்படிக்கைக்கு உட்பட்டவையாதலால் ஒரே விசா போதும். அதிக நாள்கள் தங்கும் நாட்டிடமே விண்ணப்பித்தல் வேண்டும்; நம் திட்டத்தில் அது ஜேர்மனி. பிரயாணத்திற்கு ஆறு மாதத்திற்கு முன்னிருந்தே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைந்தால் ஏற்கமாட்டார்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதியும் அவசியம்.

நாள்களைப் பின்வருமாறு பங்கிடலாம்: அன்ட்வேர்ப்பில் இரண்டு, பேர்லினில் நான்கு, லைப்சிக்கில் இரண்டு, பிராக்கில் மூன்று, துவூர் கிராலொவேயில் ஒன்று, வியன்னாவில் இரண்டு. மொத்தம் பதினான்கு நாள்கள். அன்ட்வேர்ப்பிலிருந்து பேர்லின் செல்லும் நாள் முழுவதும் புகையிரதத்திலேயே கழியும். அதனையும் கணக்கிற் சேர்த்துள்ளோம். மே முதல் செப்டெம்பர் வரையுள்ள காலமே ஏற்றது. குளிர்காலத்தில் வெப்பநாட்டு விலங்குகள் பல உள்வீடுகளில் அடைபட்டிருக்கும்.

காலையில் வாயில் திறக்கும் வேளைக்கே சென்றுவிடுக. நண்பகலில் விலங்குகள் உறங்கும், கூட்டமோ விழித்திருக்கும். அறிவிப்புப் பலகையில் உணவூட்டும் நேரங்களைக் குறித்துக்கொள்க. ஒரு நாளைக்கு ஐந்தாறு விலங்குகளுக்கு மேல் நாடவேண்டாம். ஒவ்வொன்றின் முன்னும் அரைமணி நேரமாவது அமைதியாக இருத்தல் நன்று. கண்ணாடியைத் தட்டுவதும், இரவு விலங்குகளின் இருண்ட வீடுகளில் ஒளிப்படத்திற்காக வெளிச்சம் பாய்ச்சுவதும் தகாத செயல்கள். ஊர் திரும்பும்போது தந்தம், ஓடு, தோல் முதலியவற்றாலான பொருள்களை நினைவுப்பொருளென வாங்காதீர்கள்.

திரும்பி வந்தபின் பிள்ளைகளின் குறிப்புப் புத்தகத்தை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். மூன்று வினாக்களுக்கும் ஒகாப்பிக்கும் தாக்கிக்கும் அழுங்குக்கும் விடை எழுதியிருப்பார்களாயின், நான்காவதாக ஒரு வினாவை நீங்களே எழுதிக் கொடுங்கள்: ‘நம் ஊரில் இன்று அருகிவரும் விலங்கு எது?’ அதற்கு விடை தேட விமானம் ஏற வேண்டியதில்லை.